பேணிக்குள் கிடந்த பிரேக் பட்டி

ஒரு மோட்டரைப் பார்த்து நெய்னார் "சரிவராது" என்று சொல்லிவிட்டால் ஆலங்குடாவில் அதற்கு மேல் கதை கிடையாது. வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப், படகு எஞ்சின், மரம் வெட்டும் சங்கிலி வாள், எது பழுதானாலும் முதலில் அவருடைய தகரக் கொட்டிலுக்குத்தான் வரும். திருத்துவது பிறகு. திருத்தலாமா, திருத்தினால் பிரயோசனம் உண்டா என்று அவர் வாயால் கேட்டுக்கொள்ளத்தான் முதலில் வருவார்கள். உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று முப்பது வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்த மனிதர். வேலை கிடைக்கிறதே என்பதற்காக ஒரு பொய் சொன்னதில்லை.

வெங்காயம் செய்யும் ஹுனைஸ் ஒரு தடவை துருப்பிடித்த பம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நெய்னார் நானா, இத எழுப்பலாமா?"

"எழுப்பலாம். எழுப்பினா பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துப் பாத்துக்கொள்ள ஒராள் வேணும்."

"அப்ப என்ன செய்யிற?"

"பழைய இரும்புக்காரன் வெள்ளிக்கிழம வருவான். அவனுக்குக் குடு. அவனும் யோசிச்சுத்தான் எடுப்பான்."

இப்படிப்பட்ட கதைகளால், "நெய்னார் மௌத்தெண்டு சொன்னா அது மையத்துத்தான்", அவர் செத்தது என்றால் செத்ததுதான், என்று ஊரில் ஒரு பகிடி உண்டாயிற்று. அவருடைய நண்பன் ஸியாத் இறந்த பிறகு அந்தப் பகிடியை யாரும் அவர் முன்னால் சொல்வதில்லை.

நெய்னார் பிறந்தது மன்னாரில். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, எல்லோரையும் போல அவருடைய குடும்பமும் கையில் எடுத்ததோடு கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்தது. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. ஆலங்குடாவில் ஸியாத்தின் வாப்பா தன் தென்னங்காணியின் ஒரு மூலையைக் காட்டி, "இதுல கொட்டில் போடுங்க, பிறகு பாத்துக்கொள்ளலாம்" என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை. கொட்டில் கல்வீடானது. மூலைக்கு உறுதிப் பத்திரமும் எழுதிக் கொடுத்தார். ஸியாத்துக்கும் நெய்னாருக்கும் ஒரே வயது. நெய்னார் படகு எஞ்சின் திருத்தும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஸியாத் மரம் வெட்டப் போனான். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஸியாத் மணம் முடித்த மபாஸாவும் மன்னாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்தான். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே நெய்னாரின் உம்மா.

ஸியாத்திடம் இருந்தது ஒரேயொரு சங்கிலி வாள். பழையதாக வாங்கியது. செம்மஞ்சள் நிறம் உரிந்து, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். அதற்கு வருத்தம் வந்தால் வைத்தியர் நெய்னார்.

எரிவாயுவும் பெற்றோலும் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற அந்த வருடம், ஊர் முழுக்க விறகடுப்புக்குத் திரும்பியது. ஸியாத்துக்கு மூச்சு விட நேரமில்லை. அந்த நெருக்கடிக்குள்தான் ஒரு நாள் மெஷினைக் கொண்டுவந்து பலகையில் வைத்தான். எஞ்சின் ஓடுகிறது, சங்கிலி சுற்றவில்லை. நெய்னார் பக்க மூடியைக் கழற்றினார். பிரேக் பட்டி இரண்டாக முறிந்து கிளட்சுக்குள் இறுகியிருந்தது. விரல் அகலம்கூட இல்லாத ஓர் இரும்புப் பட்டி அது. வெட்டும்போது வாளின் நுனி வேறெதிலாவது பட்டால் மெஷின் வெட்டுபவனை நோக்கித் துள்ளும். துள்ளும் வேகத்தில் முன்னாலுள்ள தடுப்பு கையில் பட்டு, இந்தப் பட்டி இறுகிச் சங்கிலியைக் கண் மூடித் திறப்பதற்குள் நிறுத்திவிடும். பட்டியின் வேலை அவ்வளவுதான்.

நெய்னார் கொழும்பில் இரண்டு கடைகளுக்கு போன் எடுத்துப் பார்த்தார். டொலர் இல்லை, சாமான் இல்லை என்றார்கள். முறிந்த துண்டுகளைக் குறட்டால் இழுத்தெடுத்து எறிந்துவிட்டு மூடியைப் பூட்டினார். சங்கிலி சுற்றியது.

"இது இல்லாமலே ஓடும். ஆனா கவனம் மச்சான். நுனியால வெட்டாத. சாமான் வந்தாப் போட்டுத் தாறன்."

"இப்பதான் லேசா இரிக்கி," என்றான் ஸியாத். "முந்தி தொட்டதுக்கெல்லாம் நிண்டிட்டு இருந்த. என்ட மாமியார் மாதிரி."

இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் சாமான் வந்தது. நெய்னார் மறக்காமல் ஒரு பட்டி எடுத்துவந்து, எண்ணெய்த் தாளோடு பால்மா வந்த தகரப் பேணிக்குள் போட்டு வைத்தார். ஸியாத் வரும்போது பூட்டிக் கொடுக்கலாம் என்றிருந்தார். மெஷின் ஒழுங்காக ஓடியதால் ஸியாத் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் அவன் தோளோடு தோள் உரசி நிற்கும்போது நெய்னாருக்குப் பட்டி ஞாபகம் வரும். தொழுகைக்குள் கதைக்க முடியாது. வெளியே வந்து செருப்பைத் தேடுவதற்குள் வேறு கதை வந்துவிடும். இப்படி இரண்டு வருடம் போனது.

நோன்புக்கு நாலு நாள் இருக்க, தலவிலையில் யூஜீனியா என்ற பெண்ணின் காணியில் ஸியாத் சரிந்து கிடந்த சவுக்கு மரமொன்றை வெட்டிக்கொண்டிருந்தான். அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு வருபவர்கள் கூடாரம் அடிக்க இடம் துப்புரவாக்கும் வேலை. வாளின் நுனி மறைவிலிருந்த இன்னொரு கொப்பில் பட்டது. மெஷின் கழுத்துக்கு வந்தது. ஓட்டோவில் ஏற்றி நுரைச்சோலையைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஜனாஸாத் தொழுகைக்கு முன், ஸியாத்தின் மூத்த நானா பாறூக், தொழ நின்ற வரிசைகளான ஸப்புகளுக்கு முன்னால் வந்து நின்றார். இறந்தவருக்காகக் குடும்பத்தில் ஒருவர் எழுந்து சொல்லும் வழக்கமான வார்த்தைகள்தான்.

"என்ட தம்பி யாருக்கும் ஏதும் குடுக்க வேண்டியிருந்தா எங்கக்கிட்டச் சொல்லுங்க. அவன் மனசு நோக நடந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க."

நெய்னார் இரண்டாவது ஸப்பில் நின்றார். இறந்தவன் கொடுக்க வேண்டியதைக் கேட்கிறார்கள். இறந்தவனுக்குக் கொடுக்க வேண்டியவன் எழுந்து சொல்லும் வழக்கம் ஒன்று இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு அவருடைய நாக்கு எழும்பியிருக்காது. அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அவனிடம் அழுது தீர்க்கலாம், மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் பொருந்தி மன்னிக்க வேண்டும், அவன் போய்விட்டால் அவனுடைய ஆட்கள்தான் பொருந்த வேண்டும் என்று ஓதிக் கேட்டு வளர்ந்தவர். மூன்று பிடி மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

பெருநாள் கழிந்து இரண்டு கிழமையில், மபாஸாவின் தம்பி அக்ரம் ஓர் உரச்சாக்கைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தான். இருபத்தாறு வயது. அனல் மின் நிலையத்தில் நாட்கூலியாக இருந்து, வேலை நின்று, சும்மா இருந்தவன். சாக்கைப் பிரித்தான். சைக்கிள் டியூப் சுற்றிய பிடி.

"ராத்தா கேக்கச் சொன்னா. இதத் திருத்திப் பிரயோசனம் இரிக்கா எண்டு. சரிவந்தா நான் மரம் வெட்டப் போறன். ராத்தாக்கும் பிள்ளையளுக்கும் வேற வழியில்ல. சரிவராட்டி இரும்புக்குப் போடச் சொன்னா."

மெஷினின் உடம்பு வெள்ளை பூத்திருந்தது. திருகாணித் தலைகளெல்லாம் சிவந்து வீங்கியிருந்தன.

"இதென்ன, கடலுக்குள்ளயா கிடந்த?"

அக்ரம் நிலத்தைப் பார்த்தான். "அண்டைக்கு ரெத்தமா இருந்திச்சு. ராத்தா கண்டிடுவா எண்டு நான்தான் கிணத்துத் தண்ணியால கழுவின. மூண்டு வாளி ஊத்தின. பிறகு தென்னைக்குக் கீழ வெச்சிட்டன்."

அந்தப் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நெய்னாருக்குத் தெரியும். தேத்தண்ணீர் போட்டால் உப்புக் கரிக்கும்.

"வெச்சிட்டுப் போ. பாத்துச் சொல்றன்."

அவன் போன பிறகு வெகுநேரம் அவர் மெஷினைத் தொடவில்லை. "சரிவராது" என்று ஒரு சொல் சொன்னால் போதும், பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விடுவான். ஊரில் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு அப்படி. ஆனால் மபாஸாவுக்கு வருமானம் இல்லை என்பதும் அந்தச் சாக்கோடு சேர்ந்தே வந்திருந்தது.

பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்தார். மூன்றாம் நாள், இறுகிக் கிடந்த பிஸ்டன் அசைந்தது. சைலன்சரைக் கழற்றி டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிஸ்டனின் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகள். ஆழமில்லை. பிளக்கைத் திரும்பப் பூட்டி, ஸ்டார்டர் கயிற்றின் பிடியில் மெஷினைத் தூக்கித் தொங்கவிட்டார். காற்றழுத்தம் செத்த மெஷின் கயிற்றை இழுத்துக்கொண்டு சரசரவென்று தரைக்கு வந்துவிடும். இது வரவில்லை. தயங்கி ஒரு சாண் இறங்கி, நின்று, மறுபடி ஒரு சாண் இறங்கியது. பதினைந்து வருட மெஷின், மூன்று வாளி உப்புத் தண்ணீர் குடித்த மெஷின், இன்னும் மூச்சைப் பிடித்து வைத்திருந்தது.

யாருடைய மெஷினாக இருந்தாலும் அவர் சொல்லியிருக்கக்கூடிய தீர்ப்பு ஒன்றுதான். பிரயோசனம் உண்டு. இன்னும் ஐந்து வருடம் தாராளமாக ஓடும்.

பக்க மூடியைக் கடைசியாகத்தான் கழற்றினார். பட்டி இருக்க வேண்டிய இடத்தில் மரத்தூளும் கிரீசும் சேர்ந்து கறுத்த களியாகப் படிந்திருந்தன. வேறொரு திருத்துபவன் பார்த்திருந்தால் உடனே கேட்டிருப்பான். அக்ரமுக்குக் கேட்கத் தெரியாது. நெய்னார் களியைச் சுரண்டினார். பேணியைச் சரித்துப் பட்டியை எடுத்தார். எண்ணெய்த் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. மூன்று திருகாணிகள். பூட்டி முடிக்க இருபது நிமிடம் பிடித்தது. இரண்டு வருடமாக இல்லாத இருபது நிமிடம். மூடியைப் போட்டு இறுக்கியபோது, இப்படி ஒன்று நடந்ததற்கு இனி உலகத்தில் தடயமே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. கைகளை மண்ணெண்ணெயில் கழுவினார்.

புதுக் குழாய்கள், காபரேட்டருக்கு உள்ளுறுப்புகள், சங்கிலி, எல்லாம் போட்டு, கூலி எடுக்காமல் மெஷினை அவரே சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனார்.

மபாஸா கணவனை இழந்தவளின் இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் முடியும் வரை அந்நிய ஆண்கள் முன் வரமாட்டாள். அறை வாசலில் பூப்போட்ட திரைச்சீலை தொங்கியது. நெய்னார் விறாந்தைக் கதிரையில் இருந்தார். அக்ரம் பக்கத்தில் நின்றான்.

"ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க நானா," என்றது திரைக்கு அப்பாலிருந்து மபாஸாவின் குரல்.

முற்றத்தில் இறங்கிக் கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுப்பில் பிடித்தது. கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினார்.

"அதே சத்தம்தான்," என்றாள் மபாஸா. பிறகு, "என்ன பழுது நானா?"

"உப்புத் தண்ணி. உள்ளுக்குப் போய்ப் பிடிச்சிட்டு."

"அவர் மௌத்தான அண்டைக்கு மெஷின்ல ஏதும் பிழை இருந்திச்சா?"

திரைச்சீலை காற்றில் ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது.

"பழைய மெஷின் தானே," என்றார் நெய்னார். "தண்ணி பட்டதுதான் பழுது."

அக்ரம் மெஷினைத் தூக்கி உள்ளே கொண்டுபோனான். நெய்னார் தேத்தண்ணீர் குடிக்காமல் திரும்பினார்.

பத்து நாள் கழித்து அக்ரம் மெஷினோடு கொட்டிலுக்கு வந்தான். மெலிந்திருந்தான், ஆனால் கையில் வேலைக்காரனின் தழும்புகள் விழ ஆரம்பித்திருந்தன.

"நானா, இந்தப் பிரேக் பெரிய கரச்சல். கொப்பு வெட்டக்குள்ள கை பட்டாப் போதும், டக்கெண்டு நிண்டிடுது. கூட வெட்டுறவன் ஒருத்தன் சொன்னான், உள்ளுக்கு ஒரு பட்டி இரிக்காம், அதக் கழட்டினா சுகமா வெட்டலாமாம்."

"கழட்ட ஏலாது."

"ஏன் ஏலாது? ரெண்டு ஆணி தானே."

"மூண்டு."

"அப்ப தெரியிது தானே. கழட்டித் தாங்க. இல்லாட்டி நான் கற்பிட்டியில குடுத்துக் கழட்டிக்கொள்றன்." அவன் சிரித்தான். "சும்மா இரிங்க நானா, லேசா இருந்தாத்தான் வேல ஓடும்."

நெய்னார் ஸ்பனரைக் கீழே வைத்தார். மறுத்து அனுப்பினால் இவன் கற்பிட்டிக்குப் போவான், அங்கே யாராவது பத்து நிமிடத்தில் கழற்றிக் கொடுப்பார்கள். அதைத் தடுக்கக்கூடிய ஒரேயொரு கதை அவரிடம் இருந்தது.

"அக்ரம், இதுல இரி."

அவன் கதிரையில் இருந்தான்.

"உன்ட மச்சான்ட மெஷின்ல இந்தப் பட்டி இல்ல. முறிஞ்சு போச்சு. சாமான் இல்லாத வருசம். நான்தான் கழட்டின. பிறகு சாமான் வந்திச்சு. நான் போடல்ல. அது இருந்திருந்தா மெஷின் துள்ளினாலும் சங்கிலி நிண்டிருக்கும்."

அக்ரம் மெஷினைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"இப்ப இரிக்கிற பட்டி?"

"உனக்குத் தரக்குள்ள போட்ட."

"ராத்தா கேட்டாவே. பிழை இருந்திச்சா எண்டு. நான் பக்கத்துல நிண்ட."

"ஓம்."

"உப்புத் தண்ணி எண்டு சொன்னீங்க."

"ஓம்."

"அந்தத் தண்ணி ஊத்தினது நான். அண்டையில இருந்து, மச்சான்ட சாமான நான்தான் நாசமாக்கின எண்டு ராத்தாட முகத்தப் பாக்க ஏலாம இருந்தன்."

இதை நெய்னார் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஒரு பொய்யும் சொல்லாமல் தப்பிவிட்டதாக அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்த உண்மை போய் இவன் தலையில் விழுந்திருந்தது.

அக்ரம் எழும்பி மெஷினைத் தோளில் போட்டான். கழற்றச் சொல்லவில்லை. ஸலாமும் சொல்லவில்லை.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அழைப்பு வந்தது. அதே கதிரை, அதே திரைச்சீலை. இந்தத் தடவை பாறூக்கும் இருந்தார். முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"நானா," என்றாள் மபாஸா. குரல் உயரவில்லை. "பட்டி முறிஞ்சது எனக்குத் தெரியும். அவர் வந்து சொன்னார். சாமான் வந்தா நெய்னார் போடுவான் எண்டும் சொன்னார். அது எப்ப வந்திச்சு?"

"ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமா எங்க கிடந்திச்சு?"

"பேணிக்குள்ள."

"ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் ரெண்டு பேரும் ஒரே ஸப்புல தானே தொழுதீங்க."

"ஓம்."

உள்ளே ஒரு பிள்ளை எதையோ கேட்டது. மபாஸா அதற்குத் தாழ்ந்த குரலில் பதில் சொல்லி அனுப்பினாள்.

"எனக்குப் பொருத்தம் தரணும் மபாஸா," என்றார் நெய்னார். இதைச் சொல்ல வீட்டிலிருந்து வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். சொல்லும்போது யாரோ சொல்வது போலக் கேட்டது.

"பாறூக் நானா பள்ளியில நிண்டு கேட்டாரே. அண்டைக்கு வந்து சொல்லியிருந்தா நான் அழுதிருப்பன். ஏசியிருப்பன். பொருந்தியும் இருப்பன். அவர் உங்களப் பொருந்தாம எந்த நாள் இருந்தார்? நீங்க முதல்ல மெஷினச் சரியாக்கிட்டீங்க. நான் வாய் விட்டுக் கேட்டும் சொல்லல்ல. அக்ரம் கழட்டக் கேட்டதாலதான் சொன்னீங்க. கேக்காட்டி?"

அவன் கேட்காவிட்டால் நெய்னார் சொல்லியிருக்க மாட்டார். அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"மெஷின் வெட்டுமா?"

"வெட்டும்."

"அந்தப் பட்டியோட?"

"பட்டியோட."

"அப்ப அக்ரம் வெட்டட்டும். பொருத்தத்தப் பத்தி நான் இப்ப ஒண்டும் சொல்லல்ல. சொல்ல வந்தா நானே ஆளனுப்புறன். கேட்டு வராதீங்க."

அவர் எழும்பினார். பாறூக் வாசல் படலை வரைக்கும் கூட வந்தார். "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

ஆடிக் காற்று தொடங்கும் முன்பே மபாஸாவின் இத்தா முடிந்தது. அவள் வெளியே வருகிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறாள் என்று நெய்னாரின் மனைவி ரம்ஸியா வந்து சொன்னாள். ஒரு தடவை கடைத்தெருவில் எதிரே வந்தாளாம், ரம்ஸியாவிடம் சுகம் விசாரித்தாளாம். அவ்வளவுதான். ஆள் வரவில்லை.

கொட்டிலுக்கு மோட்டர்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பகிடி குறைந்துவிட்டது. முன்பு ஒரு பார்வையில் தீர்ப்புச் சொன்னவர் இப்போது, "வெச்சிட்டுப் போ, பாத்துச் சொல்றன்" என்கிறார். பேணியில் ஒன்றும் போட்டு வைப்பதில்லை. சாமான் வந்த அன்றே சைக்கிளில் தேடிப் போய்ப் பூட்டிக் கொடுக்கிறார். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் வரும் வரை படலையில் நிற்கிறார். ஹுனைஸ் ஒரு நாள் ஒன்றும் தெரியாமல் சொன்னான்: "நானா, நீங்க திருத்தினதுல எதுவும் ஈடாகாத மெஷின் அக்ரம்ட கையில இரிக்கிறதுதான். என்ன ஓட்டம் ஓடுது." நெய்னார் ஓம் என்றார்.

காற்று தெற்கிலிருந்து வரும் நாட்களில் அந்தச் சத்தம் கொட்டில் வரைக்கும் கேட்கும். சவுக்கந்தோப்புப் பக்கம் அக்ரம் வெட்டிக்கொண்டிருப்பான். மரம் வெட்டும் மெஷின் நாளுக்கு நூறு தடவை நிற்கும். பெற்றோல் விட நிற்கும், சங்கிலி இறுக்க நிற்கும், தண்ணீர் குடிக்க நிற்கும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் நெய்னாரின் கை, பிடித்த ஸ்பனரோடு அப்படியே நின்றுவிடும். எதிரே இருப்பவர் கதைத்துக்கொண்டிருப்பார். அவர் தலையை ஆட்டுவார், ஒன்றும் காதில் ஏறாது. தோப்புப் பக்கம் மறுபடி கயிறு இழுபட்டு, ஒரு தடவை இருமி, இரண்டாம் தடவை இருமி, மெஷின் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆணியை மேற்கொண்டு இறுக்குவார்.